புறங்கையால் தொட்டுப் பார்த்தவர்

போன ஞாயிற்றுக்கிழமை பகல் நீங்கள் இரண்டு பேரும் டெப்பைத் தலையணைமேல் சாய்த்து வைத்து, அதன் திரையில் கார்ட்டூன் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். நான் பக்கத்தில் வந்து அதன் முதுகைப் புறங்கையால் தொட்டுப் பார்த்தேன். நல்ல சூடு. "கொஞ்ச நேரம் மேசையில வைங்க, மூச்சு விடட்டும்" என்றேன்.

சின்னவள் சிரித்தாள். "டெப்புக்குக் காய்ச்சலா அப்பா?"

அவள் விளையாட்டாகத்தான் கேட்டாள். அதுபோல ஒரு கேள்வியை முன்பு ஒருவர் என் முன்னால் கேட்டார். அவர் விளையாட்டாகக் கேட்கவில்லை. அதனால்தான் நான் எழுந்து வெளியே போனேன். உங்கள் அம்மா, "பிள்ளை என்னா கேட்டுச்சுன்னு இப்பிடிப் போறீங்க" என்றாள். பெரியவன், "இப்பிடிக் கையைத் திருப்பித் தொட்டுப் பாக்க யாருகிட்டப் பழகினீங்க?" என்று பின்னாலேயே வந்தான். வாயால் சொன்னால் பாதியில் நின்றுவிடும் என்று தோன்றியது. ஆகவே எழுதி வைக்கிறேன்.

அவரை நாங்கள் பாஸ் என்று கூப்பிட்டோம். மரவேலை, மேசன் வேலை, பாண் போடுகிற வேலை என்று கைவேலை தெரிந்த யாரையும் எங்கள் பக்கத்தில் அப்படித்தான் கூப்பிடுவது. அவருக்குச் சொந்தப் பெயர் இருந்தது. அதை நான் இங்கே எழுதப்போவதில்லை. அவர் இருந்திருந்தால், "இருக்கட்டும் தம்பி, பேர ஏன் வீணாக்குற" என்றுதான் சொல்லியிருப்பார்.

கண்டிக்குப் பக்கத்தில், கட்டுகஸ்தோட்டையைத் தாண்டி மேலே ஏறுகிற பாதையில் பாஸுடைய சின்னப் பேக்கரி இருந்தது. முன்பக்கம் கடை, நடுவில் பாண் வேகிற போறணை, பின்பக்கம் அவர் குடும்பம் குடியிருந்த இரண்டு அறைகள். நான் அப்போது தெருத்தெருவாகப் பாண் விற்கிற சூன் பாண் ஆட்டோ ஓட்டினேன். அந்தப் பாட்டுச் சத்தம் உங்களுக்குத் தெரியும், தெருமுனையில் கேட்டதும் எழும்பி ஓடுவீர்கள். விடிந்ததும் பாஸிடம் பாணும் பணிசும் ஏற்றிக்கொண்டு போவேன், பின்னேரம் மறுபடியும் வருவேன். இடையில் கிடைத்த நேரமெல்லாம் அவர் வாசலில்தான்.

அந்தப் போறணைக்குச் சூடு அளக்கிற கருவி எதுவும் கிடையாது. பாஸ் இரும்புக் கதவைத் திறந்து வலது கையை முழங்கை வரை உள்ளே நீட்டுவார். கொஞ்ச நேரம் அப்படியே நிற்பார், யாரோ உள்ளேயிருந்து கதை சொல்ல, இவர் கேட்டுக்கொண்டிருப்பதுபோல. பிறகு கையை எடுத்து, "இன்னும் கோவமா இருக்கு, ஆறட்டும்" என்பார். அல்லது, "இப்ப சரி, தட்டை எடு" என்பார். அந்தக் கையில் ஒரு முடிகூட இருக்காது.

எதையும் தொட்டுப் பார்க்காமல் அவரால் இருக்க முடியாது. தேத்தண்ணிக் கோப்பை, என் ஆட்டோவின் எஞ்சின், வாசலில் படுத்த நாயின் வயிறு, எல்லாவற்றையும் தொடுவார். எப்போதும் புறங்கைதான். ஒருநாள் ஏன் என்று கேட்டேன்.

"உள்ளங்கை செத்துப்போச்சு தம்பி. இத்தன வருசம் தகரத் தட்டுப் பிடிச்சு அது ஒண்ணும் சொல்றதில்ல. பின்பக்கந்தான் இன்னும் பேசுது."

பெரியவனே, உனக்கு நினைவிருக்காது. நீ கைக்குழந்தையாக இருந்தபோது ஒருநாள் சுரத்தில் அனலாகக் கொதித்தாய். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற வழியில் நானும் உன் அம்மாவும் பேக்கரி வாசலில் நின்றோம். பாஸ் வெளியே வந்து புறங்கையை உன் நெற்றியில் வைத்தார், பிறகு கழுத்தில், பிறகு உள்ளங்காலில். "கொண்டுபோய்க் காட்டுங்க. ஆனா பயப்பட வேணாம், இது எறங்குற சூடு" என்றார். ஆஸ்பத்திரி வாசலுக்குப் போய்ச் சேருவதற்குள் உனக்கு வியர்க்கத் தொடங்கியது. அதிலிருந்து உன் அம்மாவும் புறங்கைதான் வைப்பாள். கவனித்திருக்க மாட்டாய்.

இது அவருடைய கையைப் பற்றியது. அவருடைய மனதைப் பற்றிச் சொல்வதென்றால் வேறொன்று சொல்ல வேண்டும். புதிதாக எது வந்தாலும் பாஸ் அதைப் பாவிக்க மாட்டார். "இருக்கட்டும். பிறகு எடுப்போம்" என்பார். அது போய் அலுமாரிக்குள் உட்காரும். தீபாவளிக்கு எடுத்த சேட்டு அடுத்த தீபாவளியிலும் அதே பையில் இருக்கும். வீட்டுக் கதிரைகளில் கடையில் சுற்றிக் கொடுத்த பொலித்தீன் அப்படியே இருந்தது. வெயில் நாளில் உட்கார்ந்து எழும்பினால் அது நம்மோடு சேர்ந்து எழும்பும்.

அவருடைய மனைவியை நான் அக்கா என்று கூப்பிடுவேன். அக்காவுக்கு இதில் தீராத வழக்கு.

"எங்க கல்யாணத்துக்கு வந்த கண்ணாடிக் கிளாசு இன்னும் பெட்டிக்குள்ளதான் தம்பி கெடக்கு. மருமகனே வந்து தகரக் கோப்பையிலதான் தேத்தண்ணி குடிச்சிட்டுப் போனாரு."

"தகரம் இல்ல, எவர்சில்வர்" என்று மாவு பிசைகிற இடத்திலிருந்து பாஸின் குரல் வரும்.

"பாத்தியா, அது மட்டும் காதுல விழுது."

அவர் தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசை வீடு ஒன்றில் பிறந்தவர். சின்ன வயதில் ஒரு பெருமழையில் லயத்தின் கூரைத் தகரம் கழன்று பறந்ததாம். பள்ளிக்கூடத்துக்கென்று வாங்கி, காலில் போடாமல் வைத்திருந்த அவருடைய முதல் சப்பாத்து அன்றைக்கு ஊறி வாய் பிளந்துபோனதாம். இந்தக் கதையை அவர் சொல்லும்போது நான், "அப்ப போட்டிருக்கலாம், இல்லையா பாஸ்" என்றேன். அவர் என்னை வினோதமாகப் பார்த்தார். "எங்க அம்மாவும் அதத்தான் சொன்னிச்சு. பத்திரமான எடத்துல வைக்காம விட்டதாலதான தம்பி போச்சு" என்றார். அதே மழைதான், அதே சப்பாத்துதான்.

அவருக்குச் சீனி வருத்தம், அதாவது நீரிழிவு, இருந்தது. கண் மங்குகிறது என்று சொல்லி ஒருமுறை கிளினிக்கில் காட்டி, புதுக் கண்ணாடி ஒன்றும் வாங்கி வந்தார். அதுவும் அலுமாரிக்குள் போயிற்று. முகத்தில் இருந்தது பழைய கண்ணாடி, ஒரு பக்கக் கைக்குக் கம்பி சுற்றியது. கேட்டால், "போறணப் புகையில புதுச நாசமாக்கவா? மக வாற அன்னைக்குப் போடுவேன்" என்றார்.

மகள் ஒரே பிள்ளை. படித்து, கல்யாணம் முடித்து, புருஷனோடு கனடா போய்விட்டாள். அவள் போன பிறகு பாஸ் வீடியோவில் பேசும்போது போனை மூக்கோடு ஒட்டி வைத்துக்கொண்டு பேசுவார். அந்தப் பக்கத்தில் அவளுக்கு அப்பாவின் ஒரு கண் மட்டும்தான் தெரியுமாம். டெப் ஒன்று அனுப்புகிறேன் என்றாள். "அவ்வளவு பெரிசுக்கு இங்க எடமில்ல, மாவு படும், விழுந்தா ஒடையும்" என்று மறுத்துவிட்டார். ஆகவே அவள் யோசித்து, ஊருக்கு வந்த ஒருவரிடம் மடிக்கிற போன் ஒன்றைக் கொடுத்தனுப்பினாள். மடித்தால் சட்டைப் பைக்குள் போகும், விரித்தால் டெப் போல அகலமாக இருக்கும். யாரோ பாவித்ததைத்தான் வாங்கியிருந்தாள். அப்படியும் அவளுக்கு அது பெரிய காசு.

அதற்குச் சிம் போட்டு எடுக்க நானும் பாஸும் அக்காவும் கண்டி மார்க்கெட்டுக்குப் பக்கத்தில் இருக்கிற போன் கடைக்குப் போனோம். கடைக்காரர் அக்குறணைக்காரர், நாங்கள் நானா என்று கூப்பிடுகிறவர். அவர் போனை விரித்துக் காட்டினார். ஒரு சின்னப் புத்தகம் திறப்பதுபோல அது திறந்தது. அக்கா, "அடேயப்பா" என்று வாயில் கை வைத்தார்.

பாஸ் திரையைப் பார்க்கவில்லை. நடுவில் மடிகிற இடத்தையே பார்த்தார். "நானா, இத எத்தன தடவ மடிக்கலாம்?"

"அதெல்லாம் லட்சக்கணக்குல மடிக்கேலும் பாஸ். கம்பெனில மெசின் வெச்சு மடிச்சு மடிச்சுப் பாத்துத்தான் வெளிய விடுறது."

"அப்ப கணக்கு ஒண்ணு இருக்கு."

"ஈக்கிது. ஆனா நீங்க பயப்புடுற மாதிரி இல்ல."

"மொதல்ல வச்சிருந்தவன் எத்தன தடவ மடிச்சானோ தெரியாதே."

நானா சிரித்துவிட்டு, கவனமாக இருக்க வேண்டிய விஷயங்களைச் சொல்லிக்கொடுத்தார். நகம் படக் கூடாது, உள்ளே இருக்கிற திரை மெல்லியது. தண்ணி ஆகாது. வெயிலில் வைக்கக் கூடாது, போறணைப் பக்கமே கொண்டுபோகக் கூடாது, சூடேறினால் பெட்டரி கெட்டுவிடும், உள்ளே ஒட்டியிருக்கிற பசையும் இளகிவிடும். "இன்னொண்டு பாஸ். உள்ளுக்கு மேலால ஒரு பொலித்தீன் மாதிரி ஈக்கும். அத மட்டும் உரிச்சிராதீங்க. கனபேரு புதுசுல வாற பொலித்தீன் எண்டு நெனச்சி உரிச்சிப்போட்டு, போனையே கெடுத்துக்கிட்டு வாறாங்க."

"இவரா?" என்றார் அக்கா. "இவர் எங்க கல்யாணப் பாயிலயே இன்னும் பொலித்தீன உரிக்கல நானா."

கடையில் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். பாஸும் சிரித்தார். வரும் வழியில் ஆட்டோவின் பின்சீட்டில், மூடிய போனை மடியில் வைத்து அதன்மேல் புறங்கையை வைத்தபடி இருந்தார். மகாவலி ஆற்றுப் பாலம் தாண்டும்போது சொன்னார்: "லட்சம்னாலும் ஒரு கணக்குத்தான தம்பி. கணக்குன்னா முடியும்."

எனக்கும் அந்தப் பேச்சில் ஏதோ நியாயம் இருப்பதாகத்தான் பட்டது.

அன்றிலிருந்து அந்தப் போன் ஒரு சாப்பாட்டுப் பெட்டிக்குள், துணி சுற்றி, பின்பக்கம் தண்ணீர்த் தொட்டிக்கு மேலே இருந்த தட்டில் வாழ்ந்தது. அந்த வீட்டில் குளிர்ச்சியான இடம் அதுதான். மழை நாளில் ஈரம் என்று உள்ளே வரும், வெயில் வந்தால் மறுபடி வெளியே போகும். மகள் அழைத்தால் பாஸ் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, போனை விரிக்காமல், வெளிப்பக்கத்தில் இருக்கிற ஒடுக்கமான சின்னத் திரையிலேயே பேசுவார். அதில் அவளுடைய கண்ணும் மூக்கும் தெரியும். காது இரண்டும் தெரியாது.

"விரிச்சுப் பாருங்கப்பா. அதுக்குத்தான அனுப்பினேன்."

"நல்லாத்தாம்மா தெரியுது. எதுக்கு வீணா மடிக்கணும்."

"மடிக்கத்தான் செஞ்சிருக்காங்க."

"இருக்கட்டும். பிறகு எடுப்போம்."

பேசிக்கொண்டிருக்கும்போதே போனின் முதுகைத் தொட்டுப் பார்ப்பார். கொஞ்சம் சுட்டால் போதும், "போன் கொதிக்குதும்மா, வைக்கிறேன்" என்பார். மகள் வேலை முடிந்து பஸ்ஸுக்கு நிற்கிற நேரத்தில்தான் அனேகமாக அழைப்பாள். அங்கே பனி கொட்டும். குளிரில் அவளுடைய போனின் பெட்டரி பொசுக்கென்று செத்துப்போகும். அவள் அதைக் கோட்டுக்குள் வைத்துச் சூடாக்கி எடுத்துப் பேசுவாள். அங்கே குளிரில் அணையும், இங்கே சூட்டில் வைத்துவிடுவார். இரண்டுக்கும் நடுவில் கிடைத்த நேரத்தில்தான் அப்பாவும் மகளும் பேசிக்கொண்டார்கள்.

ஒருநாள் அவள் சிரித்துக்கொண்டே, "எனக்கு இங்க வெரல் வெறைக்குது, உங்களுக்கு அங்க போன் சுடுதா? அந்தச் சூட்டக் கொஞ்சம் இங்க அனுப்புங்கப்பா" என்றாள். பாஸுக்கு அது தாங்கவில்லை. போனை வைத்துவிட்டு நெடுநேரம் போறணை வாசலில் நின்றார். "இவ்வளவு சூடு இங்க சும்மா போகுது" என்றார்.

பிறகு அவள் பிள்ளை உண்டாகியிருக்கிறாள் என்ற செய்தி வந்தது. பாஸ் அன்றைக்குப் பணிசுகளுக்குச் சீனி கூடுதலாகத் தூவிவிட்டார். நான் கொண்டுபோன இடமெல்லாம், இன்றைக்கு என்ன விசேஷம் என்று கேட்டார்கள். அவர் ஒரு நாளையும் குறித்துக்கொண்டார். "பிள்ள பொறக்கட்டும் தம்பி. அன்னைக்கு விரிப்பேன். பேரப்பிள்ளையோட மொகத்ததான் அந்தப் பெரிய தெரையில மொதல்ல பாக்கணும். அதுவரைக்கும் ஒரு மடிப்பும் செலவாக வேணாம்."

ஆசைப்பட்டுச் சொன்னார். யாருக்கும் அதில் தப்புத் தெரியவில்லை. மகளும், "சரிப்பா, அன்னைக்காவது விரிங்க" என்று விட்டுவிட்டாள்.

சில மாதம் போனது. ஒரு பின்னேரம் நான் தட்டுகளைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது பாஸ் கவலையோடு இருந்தார். போனைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, இதுல கறுப்பா நூல் மாதிரி ஒண்ணு ஓடுது, பாரு."

நான் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன்.

"எனக்குத் தெரியல பாஸ்."

"மக மொகத்துல குறுக்கால ஓடுது. ஆடுது. நேத்துச் சின்னதா இருந்துச்சு."

நானாவின் கடைக்கு மறுபடியும் போனோம். நானா விரித்துப் பார்த்தார், மடித்துப் பார்த்தார், வெளிச்சத்தைக் கூட்டிக் குறைத்துப் பார்த்தார். விரிக்கும்போதெல்லாம் பாஸ், "போதும் நானா, போதும்" என்று முகத்தைச் சுளித்தார்.

"பாஸ், போன்ல ஒரு கொறையும் இல்ல. புதுசு மாதிரி ஈக்கிது."

"இப்பத் தெரியாது நானா. மெதுவாத்தான் தேயும். பழசாப் பாவிச்சதுதான. சூடும் பட்டிருக்கும்."

வீட்டுக்கு வந்ததும் போனுக்கு ஓய்வு கொடுக்க வேண்டும் என்று முடிவு செய்தார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் மகளோடு பேசினார், அதுவும் முகம் பார்க்காமல், குரல் மட்டும். படம் ஓடினால் கூடச் சுடும் என்றார். பிள்ளை பிறக்கிற நாள் வரை அந்தத் திரை தாங்க வேண்டும். அவருக்கு இருந்த கவலையெல்லாம் அது ஒன்றுதான். நூல் அசைந்தது போனில் இல்லை என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. போனைப் பற்றித்தான் எல்லோருக்கும் நினைப்பு.

கண்டுபிடித்தது அக்காதான். அதுவும் பாணில். ஒரு விடியற்காலை தட்டை வெளியே இழுத்த பாஸ், "என்னா இது, பாணெல்லாம் கரி ஒட்டியிருக்கு" என்று சத்தம் போட்டார். அக்கா வந்து பார்த்தார். பாண் ஒவ்வொன்றும் பொன்னிறமாக, ஒரு புள்ளிகூட இல்லாமல் இருந்தது. நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா ஒரு பாணைக் கையில் எடுத்து அவர் முகத்துக்கு முன்னால் பிடித்தார்.

"எங்க கரி, காட்டுங்க."

பாஸ் விரலால் காட்டினார். பிறகு விரலை நகர்த்தினார். கரியும் விரலோடு நகர்ந்ததுபோல, திரும்பத் திரும்ப இடம் மாற்றிக் காட்டினார். அக்கா பாணைக் கீழே வைத்துவிட்டு, "தம்பி, ஆட்டோவத் திருப்பு" என்றார். அன்றைக்கு யாருக்கும் பாண் போகவில்லை.

பெரியாஸ்பத்திரியில் கண்ணுக்கு மருந்து விட்டு, வெளிச்சம் அடித்து, நிறைய நேரம் பார்த்தார்கள். சீனி வருத்தம் கண்ணுக்குள் இரத்தக் கசிவாகப் போயிருந்தது. டொக்டர் நல்லவர். கோபிக்கவில்லை. நூல் மாதிரித் தெரிந்த முதல் நாளே வந்திருந்தால் நிறையச் செய்திருக்கலாம் என்று மட்டும் சொன்னார். லேசர் வைத்தார்கள். போய்ப் போய் வந்தோம். ஒரு கண் முழுதாகப் போயிற்று. மற்றதில் ஜன்னல் எந்தப் பக்கம் என்று தெரிகிற அளவுக்கு வெளிச்சம் மிஞ்சியது.

அப்படி ஒருநாள் திரும்பி வரும்போது, பாலத்துக்குப் பக்கத்தில் வாகனங்கள் நெருங்கி ஆட்டோ நின்றது. பாஸ் அக்காவிடம் அந்தப் புதுக் கண்ணாடியைக் கேட்டார். டொக்டருக்குக் காட்டலாம் என்று அக்கா அதைப் பையில் கொண்டுவந்திருந்தார். பாஸ் பெட்டியைத் திறந்து, கண்ணாடியை எடுத்து, மாட்டிக்கொண்டு மகாவலி ஓடுகிற பக்கம் பார்த்தார். பிறகு கழற்றி, சேட்டு நுனியால் துடைத்து, பெட்டிக்குள் வைத்து மூடினார்.

"இருக்கட்டும்" என்று சொல்வார் என நினைத்தேன். சொல்லவில்லை. "இத யாருக்காவது குடுத்துரு" என்றார். புதுச் சாமான் ஒன்றைக் கொடுத்துவிடச் சொல்லி அவர் வாயால் நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

மகளுக்குச் சொல்லக் கூடாது என்று எங்களிடம் வாக்கு வாங்கிக்கொண்டார். "வயித்துப்பிள்ளைக்காரி. அழுதா பிள்ளைக்கு ஆகாது. பெத்து எந்திரிக்கட்டும்." அக்கா சரி என்றார். நானும் சரி என்றேன். போறணைக்கு வேறு ஆள் வந்தார். ஆனாலும் கதவைத் திறந்து கையை நீட்டிப் பார்த்துச் சொல்கிற வேலை பாஸுக்குத்தான். அதற்குக் கண் வேண்டியதில்லை.

பிள்ளைகளே, பாஸ் இப்போது இல்லை. அவர் போய்ச் சில வருடமாகிறது. நான் சூன் பாண் விட்டுப் பல்லேகலயில் வேலைக்குச் சேர்ந்தது அதன் பிறகுதான். அந்தப் போன் இன்றைக்கும் அக்காவிடம் இருக்கிறது. போன மாதம்கூட எடுத்துக் காட்டினார். மடிகிற இடத்தில் ஒரு கோடு விழவில்லை, திரையில் ஒரு கீறல் இல்லை. கணக்கில் எவ்வளவோ மிச்சம் இருக்கும்.

இனி அந்த நாளைச் சொல்லி முடிக்கிறேன்.

ஆண் பிள்ளை பிறந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்து, குளித்து, பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு மகள் அழைப்பாள் என்று செய்தி வந்திருந்தது. இங்கே பின்னேரம், அவளுக்கு விடியற்காலை. நான் ஆட்டோவைச் சுவரோரம் விட்டுவிட்டு உள்ளே போனேன். பாஸ் குளித்து, தலை சீவி, பொட்டு வைத்து, பையிலிருந்து எடுத்த தீபாவளிச் சேட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சேட்டில் மடிப்புக் கோடுகள் அப்படியே இருந்தன. மேசையில் சாப்பாட்டுப் பெட்டி. பெட்டரி குறைவாக இருக்கிறது என்று அக்கா போனுக்கு வயரைச் சொருகினார். ஜன்னல் வழியாக மேற்கு வெயில் நேராக மேசையில் விழுந்துகொண்டிருந்தது.

போன் அடித்தது. "நான் விரிக்கிறேன்" என்றார் பாஸ். இரண்டு கையாலும் பிடித்து, விளிம்பைத் தடவிப் பார்த்து, மெதுவாக விரித்தார். வெளிச்சம் அவர் முகத்தில் விழுந்தது. அந்த வெளிச்சம் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும், கண் சுருங்கியது. போனை மேசையில் சாய்த்து வைத்தார்.

பிள்ளையின் முகம் திரை நிறைய வந்தது. சிவப்பாக, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, வாயை மட்டும் அசைத்துக்கொண்டு. அக்கா வாயை முந்தானையால் பொத்திக்கொண்டார்.

"தெரியுதாப்பா? விரிச்சிட்டீங்களா?"

"விரிச்சிட்டேம்மா."

ஆனால் பாஸ் பார்த்துக்கொண்டிருந்தது சீனி டப்பாவை. போன் அதற்கு ஒரு சாண் தள்ளி இருந்தது. அக்கா அதைக் கவனித்தார். ஒரு சத்தமும் போடாமல், வயர் இழுபடாமல், போனைத் தள்ளி அவர் கண் நின்ற இடத்துக்குக் கொண்டுபோய் வைத்தார். பாஸ் தலையைத் திருப்பினால் போனும் கூடவே திரும்பியது. அந்தப் பக்கத்தில் மகளுக்கு, அப்பா நேராகத் தன்னையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.

"யார் மாதிரிப்பா இருக்கான்?"

"ஒன்ன மாதிரித்தாம்மா. ரெண்டு காதும் தெரியுது."

மகள் அழுதுகொண்டே சிரித்தாள். பாஸ் கையை நீட்டினார். "கண்ணாடி மெல்லிசுப்பா, அழுத்திறாதீங்க" என்றாள் அவள், பிள்ளையைத் தொடப்போகிறவரிடம் சொல்வதுபோல. அவர் புறங்கையைத் திரையில் வைத்தார். எத்தனை மெதுவாக வைத்தார் என்றால், போறணையில் வெந்த அந்தக் கை அத்தனை மெதுவாகப் போகும் என்று நான் நினைத்ததே இல்லை. சரியாகப் பிள்ளையின் நெற்றியில் வைத்தார்.

"என்னா இவ்வளவு சூடு? பிள்ளைக்குக் காய்ச்சலா?"

"இல்லப்பா. போன் சுடுது. சார்ஜிலயா வச்சிருக்கீங்க? வச்சிரட்டுமா, பிறகு எடுக்கவா?"

நானும் அக்காவும் அவரைப் பார்த்தோம். இதைவிடக் குறைந்த சூட்டுக்கெல்லாம் எத்தனையோ முறை வைத்திருக்கிறார்.

"வேணாம்மா. சுடட்டும். நீ பேசு."

அவள் பேசினாள். பிள்ளை பிறந்த கதை, மருத்துவிச்சி சொன்னது, வெளியே பெய்த பனி, எல்லாம் சொன்னாள். அவர் கையை எடுக்கவில்லை. அவ்வளவு நேரம் அவர்கள் பேசி நான் பார்த்ததில்லை. பிள்ளை சிணுங்கியது, அவள் தட்டிக்கொடுத்தாள். "அப்பா, இவனுக்கு ஒங்க..." என்று தொடங்கினாள். திரையில் ஏதோ எழுத்து வந்தது, சூடு கூடிவிட்டது, ஆறட்டும் என்று. அடுத்த நிமிடம் போன் அணைந்தது. பெரிய திரை முழுவதும் கறுப்பு. அதில் ஜன்னலும் அவருடைய கையும் தெரிந்தன.

பாஸ் காத்திருந்தார். சத்தம் வரவில்லை.

"தூங்கிட்டானா?" என்று கேட்டார்.

அக்கா என்னைப் பார்த்தார். பிறகு வயரைக் கழற்றினார்.

"ஆமாங்க. தூங்கிட்டான். அவளும் கண் அசந்துட்டா. பெத்த ஒடம்பு."

"சரி, சரி. பேசாத. எழும்பிறப் போறான்."

அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். கை அங்கேயே இருந்தது. முன்பக்கக் கடையில் யாரோ பாண் கேட்டார்கள், யாரும் போகவில்லை. வெயில் மேசையிலிருந்து இறங்கிச் சுவருக்குப் போயிற்று. நெடுநேரம் கழித்து அவர் என் பக்கம் திரும்பி, பெரியவனே, உன் நெற்றியைத் தொட்டுவிட்டு அன்றைக்குச் சொன்னாரே, அதே குரலில், மிக மெதுவாகச் சொன்னார்:

"பயப்பட வேணாம் தம்பி. எறங்கிருச்சு."